நிறுப்பதும் எண்ணுவதும்: அலகொலவெவ இரும்பின் அளவைக் கணிப்பது பற்றி

1. கேள்வி

மாத்தளை மாவட்டத்தின் வடக்கே, தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் அண்மையில், கிரி ஓயாப் படுகையில் அலகொலவெவ என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள குன்றொன்றின் பெயர் தெஹிகஹ-எல-கந்த. தமிழில் சொல்வதானால் தேசிமரத்து வாய்க்கால் மலை. காசியப்பன் சீகிரியாப் பாறையில் அரண்மனை எழுப்பியது 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இந்தக் குன்றில் இரும்பு எடுத்திருக்கிறார்கள். களனிப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பட்டப்பின்படிப்பு நிறுவகம் சீகிரியா-தம்புள்ளை வட்டாரத்தில் நடத்திய குடியேற்றத் தொல்லியல் ஆய்வின்போது ஸ்வாந்தே ஃபொரேனியசும் ரோஸ் சோலங்காராச்சியும் இவ்விடத்தை அகழ்ந்தனர். சேனக்க பண்டாரநாயக்கவும் மட்ஸ் மோக்ரெனும் பதிப்பித்த 1994ஆம் ஆண்டுத் தொகுதியில் அதன் அறிக்கை வெளிவந்தது. கதிர்க்காபன் கணிப்புகள் இத்தொழிலை ஏறத்தாழக் கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 4ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் வைக்கின்றன. மிக முதிர்ந்த தொழில்நுட்பம் என்பது அகழ்ந்தவர்களின் முடிவு. உலைகளின் எச்சமும் கிட்டக் குவியல்களும் அதற்குச் சாட்சி. கிட்டம் என்பது தாதுவிலிருந்து இரும்பைப் பிரித்தபின் எஞ்சும் கருங்கசடு. சிங்களத்தில் யபோர என்பார்கள்.

இப்படியொரு இடத்தைப் பார்த்தவுடன் எழும் கேள்வி, அங்கிருந்து எவ்வளவு இரும்பு வெளியே போனது என்பது. அருகிலுள்ள வயல்களுக்கும் குளக்கட்டுகளுக்கும் வேண்டிய மண்வெட்டியும் கோடரியும் மட்டும்தானா, தொலைவுச் சந்தைக்கும் போகுமளவு விளைச்சலா என்பதிலிருந்து, அனுராதபுரக் காலப் பொருளாதாரத்தைப் பற்றிய பெரிய முடிவுகள் கிளைக்கின்றன. இரும்பு போய்விட்டது, கிட்டம் இருக்கிறது. ஆகவே கிட்டத்தை அளந்து இரும்பைக் கணிப்பது வழக்கம். குவியலின் கனவளவை அடர்த்தியால் பெருக்கினால் திணிவு, திணிவிலிருந்து இரும்பு. உயர்தர இரசாயனவியல் மாணவருக்குப் பழகிய கணக்கின் வடிவம் இதுதான்: உலோகக் குற்றியின் நீள அகல உயரமும் அடர்த்தியும் தரப்படும், திணிவும் அணுக்களின் எண்ணிக்கையும் கேட்கப்படும். தூய குற்றிக்கு மிகச் சரியாக வேலை செய்யும் அந்தச் சங்கிலி, பழைய உலைக்களத்துக்கு வரும்போது எந்தக் கண்ணியில் அறுகிறது என்பதே இக்கட்டுரையின் விசாரணை. அறுவது பலரும் எண்ணுவதுபோல் அடர்த்தி என்ற கண்ணியில் மட்டுமன்று. கிட்டத்தை எவ்வளவு நுட்பமாக நிறுத்தாலும், தாதுவில் ஒரு சிலிக்கன் அணுவுக்கு எத்தனை இரும்பணுக்கள் இருந்தன என்பது தெரியாதவரை அந்த நிறுவை இரும்பின் அளவைச் சொல்லாது என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிறை என்பது ஈழத்துப் பாடநூல்களில் திணிவு. ஈழத்தில் நிறை என்றால் தமிழ்நாட்டில் எடை. ஒரே மொழியின் இரு கரைகளில் ஒரே சொல் இரு பொருள் தருவது அளவைகளைப் பேசும் இடத்தில் இடறலாகும். இக்கட்டுரை ஈழ வழக்கைப் பின்பற்றுகிறது.

2. சங்கிலி அறாத இடம்

முதலில் அது அறாமல் ஓடும் இடத்தைப் பார்த்துவிடலாம். பக்கம் 5 சென்ரிமீற்றர் உடைய தூய இரும்புக் கனக்குற்றியின் கனவளவு 125 கன சென்ரிமீற்றர். இரும்பின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 7.874 கிராம், ஆகவே திணிவு 984 கிராமுக்குச் சற்று மேல். மூலர்த்திணிவு 55.845 கிராம் என்பதால் அதில் ஏறத்தாழ 17.62 மூல் இரும்பு. ஒரு மூலுக்கு 6.022 × 10²³ அணுக்கள் வீதம் மொத்தம் 1.061 × 10²⁵ அணுக்கள். கணக்கு இதற்குமேல் இல்லை. ஆனால் இது ஏன் நம்பத்தக்கது என்று கேட்டால் விடை சுவையானது. இரும்பின் அணுக்கள் சாதாரண வெப்பநிலையில் உடல்மையக் கனச் சாலகமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு அலகுக் கலத்துக்கும் உரியவை இரண்டு அணுக்கள். கலத்தின் பக்க நீளத்தை எக்ஸ் கதிரால் அளந்தால் 286.65 பிக்கோமீற்றர் வருகிறது. இரண்டு இரும்பணுக்களின் திணிவை அக்கலத்தின் கனவளவால் வகுத்தால் 7.874. தராசும் நீர்ப்பாத்திரமும் தந்த எண்ணைக் கதிரும் சாலகமும் சேர்ந்து திரும்பத் தருகின்றன. அடர்த்தி, திணிவு, அணுக்களின் எண்ணிக்கை மூன்றும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும் முக்கோணம் இது. இரண்டு தெரிந்தால் மூன்றாவது ஒளிய இடமில்லை.

இந்த முக்கோணத்தின் மேல்தான் அவகாதரோ மாறிலியின் நவீன மதிப்பும் எழுந்தது. சிலிக்கன்-28 என்ற ஒரே சமதானியாலான, 1 கிலோகிராம் திணிவுடைய பளிங்குக் கோளத்தின் விட்டத்தையும் சாலக நீளத்தையும் அளந்து அதிலுள்ள அணுக்களை எண்ணினார்கள். பத்துக் கோடியில் ஓரிரு பங்கு அளவுக்கே ஐயம் எஞ்சியது. 2019 மே 20 முதல் மூல் என்பது 6.02214076 × 10²³ துகள்கள் என்று வரையறையாகவே நிலைநிறுத்தப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கோளத்துக்காகப் பட்ட பாடு. வேறு சமதானி கலக்கக் கூடாது, சாலகத்தில் வெற்றிடம் இருக்கக் கூடாது, மேற்பரப்பில் படிந்த ஒட்சைட்டுப் படலத்தைக்கூடத் தனியே அளந்து கழிக்க வேண்டும். அடர்த்தியிலிருந்து அணுக்களின் எண்ணிக்கைக்குத் தாவ விரும்புபவர் கொடுக்க வேண்டிய விலை இது. அந்த விலையைக் கொடுக்க முடியாத பொருளில் அதே தாவலைச் செய்தால் என்ன ஆகும்?

நகைக்கடைத் தராசு ஓர் எச்சரிக்கை தருகிறது. தங்கத்தின் அடர்த்தி 19.3. தங்குதனுடைய அடர்த்தியும் 19.25. ஒரு பவுண் என்று 8 கிராம் தூய தங்கத்தையும் 8 கிராம் தங்குதனையும் நீரில் அமிழ்த்திப் பார்த்தால் சாதாரணத் தராசு வேறுபாடு சொல்லாது. அணுக்களை எண்ணினால் முன்னதில் 2.45 × 10²², பின்னதில் 2.62 × 10²². திணிவும் ஒன்று, அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்று, அணுக்களின் எண்ணிக்கையோ நூற்றுக்கு ஏழு வேறு. பொருள் இன்னதென்று தெரிந்தபின்தான் அடர்த்தி பேசும். பொருள் எது என்பதை அது தானாகச் சொல்லாது.

3. பாளம்: ஓர் அடர்த்தி, மூன்று விடைகள்

அலகொலவெவ போன்ற உலைகளில் இரும்பு உருகி ஓடவில்லை. ‘உருக்கினார்கள்’ என்று எழுதுவது நாவின் பழக்கம். தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வேண்டும். பழைய உலைகள் அதை எட்டாமலே இரும்பைப் பிரித்தன. எப்படியெனில், கிட்டத்தின் முதன்மைக் கனிமமான பயலைற்று ஏறத்தாழ 1200 பாகையில் உருகிவிடும். கரி எரிந்து எழும் காபனோரொட்சைட்டு தாதுவின் ஒட்சிசனைக் கவர்ந்துகொள்ள, இரும்பு திண்மமாகவே துணுக்குகளாய்ப் பிறந்து ஒன்றோடொன்று ஒட்டும். உருகிய கிட்டம் அவற்றின் இடையிலிருந்து வடியும். இறுதியில் கிடைப்பது கடற்பஞ்சு போலத் துளைகள் நிறைந்த, கிட்டம் ஊறிய பாளம். கொல்லன் அதை மீண்டும் மீண்டும் காய்ச்சி அடித்துக் கிட்டத்தைப் பிழிந்தெடுத்த பிறகே அது வேலைக்கான இரும்பு.

இந்தப் பாளத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக அதன் திணிவு 1200 கிராம் என்றும், நீரில் தொங்கவிட்டால் தராசு 1000 கிராம் காட்டுகிறது என்றும் வைப்போம். வேறுபாடு 200 கிராம், ஆகவே கனவளவு 200 கன சென்ரிமீற்றர், அடர்த்தி 6.0. இனி இதில் உலோக இரும்பு எவ்வளவு? ஒருவர் சொல்லலாம்: இது முழுக்க இரும்பு, நீர் புகாத உட்துளைகளால் மட்டுமே அடர்த்தி 7.87இலிருந்து 6.0க்கு இறங்கியது. அப்படியானால் 1200 கிராமும் உலோகம், அணுக்கள் 1.29 × 10²⁵. இன்னொருவர் சொல்லலாம்: துளையே இல்லை, அடர்த்தி 4.4 உள்ள பயலைற்று இரும்போடு கலந்திருக்கிறது. அப்படியானால் கணக்கு உலோகத்துக்குக் கொடுப்பது 726 கிராம்தான், கிட்டத்துக்கு 474 கிராம். உலோக நிலையிலுள்ள அணுக்கள் 7.8 × 10²⁴. ஆனால் பயலைற்றின் திணிவிலும் நூற்றுக்கு 54.8 பங்கு இரும்பே. அதையும் சேர்த்து எண்ணினால் துண்டிலுள்ள இரும்பணுக்கள் 1.06 × 10²⁵ ஆகின்றன. ஒரே தராசு, ஒரே நீர், ஒரே அடர்த்தி; கேட்கும் கேள்வியையும் கொள்ளும் ஊகத்தையும் பொறுத்து விடைகள் மூன்று. ஆர்க்கிமிடீசின் மணிமுடிக் கதையைச் சொல்கிறவர்கள் அந்த முடி உள்ளே குடைவில்லாதது என்ற நிபந்தனையைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். பொன்னில் வெள்ளி கலந்ததா, உள்ளே வெற்றிடம் இருந்ததா என்பதை இடம்பெயர்ந்த நீர் பிரித்தறியாது.

வெட்டிப் பார்த்தால் தெரியுமே என்பது உண்மை. மெருகிட்ட வெட்டுமுகத்தை நுணுக்குக்காட்டியில் வைத்தால் துளை, கிட்டம், உலோகம் மூன்றும் தனித்தனியே தெரியும். அப்போது நாம் அடர்த்தியைக் கைவிட்டுப் பரப்பளவுகளை எண்ணத் தொடங்கிவிட்டோம் என்பதே இங்கு கருதத்தக்கது.

4. குவியலை நிறுத்தல்

கிட்டக் குவியலில் இந்தச் சிக்கல் பெருகுகிறது. குளிர்ந்து இறுகிய கிட்டத் துண்டொன்றின் அடர்த்தியை 3.8 என்று கொண்டால் ஒரு கன மீற்றருக்கு 3.8 தொன். ஆனால் குவியல் என்பது துண்டன்று. துண்டுகளுக்கிடையே வெளியுண்டு, அந்த வெளியில் மண், கரித்தூள், உடைந்த உலைச்சுவர், காற்றூதிய களிமண் குழாய் எல்லாம் அடைந்திருக்கும். கனவளவில் பாதிதான் கிட்டம் என்றால் 1.9 தொன். மூன்றில் ஒன்றென்றால் 1.3 தொன்னுக்கும் கீழ். வாய்பாட்டு அடர்த்தியைக் குவியலின்மேல் அப்படியே ஏற்றுவது இரண்டு மூன்று மடங்குப் பிழைக்கு இடம் தரும். இதைத் தவிர்க்க வழியுண்டு, அது எளியதும்கூட: குவியலில் அளவறிந்த குழிகளை வெட்டி, வந்ததைச் சலித்துப் பிரித்து, கிட்டத்தை மட்டும் நிறுப்பது. தொல்லியலாளர் செய்வதும் அதுதான். உழைப்பு மிகும், ஆனால் பிழை குறையும்.

அப்படி நிறுத்தாயிற்று என்றே கொள்வோம். 1000 தொன் கிட்டம் என்று ஓர் எண் கையில் இருக்கிறது. (இது வாதத்துக்காக எடுத்த முழு எண், அலகொலவெவ குவியலின் அளவன்று.) குவியலிலிருந்து இரும்புக்குத் தாவ, ஒரு தொன் கிட்டத்துக்கு இத்தனை இரும்பு என்ற விகிதம் ஒன்று வேண்டும். பரிசோதனை உலைகளிலிருந்தோ வேறு நாட்டுத் தளங்களிலிருந்தோ அந்த விகிதத்தைக் கடன் வாங்குவது ஒரு வழக்கம். இரண்டுக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று என்று எது கையில் அகப்படுகிறதோ அது. குவியலின் அடர்த்தியில் அத்தனை கவனம் காட்டியபின் இந்தக் கடன் விகிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது விந்தையே. எண்ணத் தொடங்கினால் அந்த விகிதம் எவ்வளவு வழுக்கலானது என்பது புலப்படும்.

5. ஒரு சிலிக்கன், இரண்டு இரும்பு

பயலைற்றின் கட்டமைப்பில் ஒரு சிலிக்கன் அணுவுக்கு இரண்டு இரும்பணுக்களும் நான்கு ஒட்சிசன் அணுக்களும் உள்ளன. பழைய உலையின் பொருளாதாரம் முழுவதும் இந்தச் சிறு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. தாதுவோடு வந்த மணலும் படிகக்கல்லும் சிலிக்காதான். சிலிக்கா தனியே அந்த வெப்பத்தில் உருகாது. இரும்போடு சேர்ந்தால்தான் உருகி வடியும். வடிந்து போகக் கூலியாக ஒவ்வொரு சிலிக்கன் அணுவும் இரண்டு இரும்பணுக்களைத் தன்னோடு கொண்டுபோகிறது. இரண்டுக்கு ஒன்று என்ற அணுக்கணக்கைத் திணிவுக்கு மாற்றினால் 60.08 கிராம் சிலிக்கா 111.69 கிராம் இரும்பை விழுங்குகிறது. ஒரு கிலோவுக்கு 1.86 கிலோ. மணல் கிலோக்கணக்கில் இரும்பை உண்ணும் என்பது தராசுக்கு விளங்காத செய்தி. அணுவை எண்ணுகிறவருக்கு அது வெளிப்படை.

தாது மக்னற்றைற்று என்று கொள்வோம். மூன்று இரும்பணுவுக்கு நான்கு ஒட்சிசன் அணு, திணிவில் 72.36 விழுக்காடு இரும்பு. இதோடு கலந்தது சிலிக்கா மட்டுமே என்று எளிமைப்படுத்தி, 1000 கிலோ தாதுவை உலையில் இடுவோம். சிலிக்கா 10 விழுக்காடானால், மக்னற்றைற்று 900 கிலோ, அதிலுள்ள இரும்பு 651 கிலோ. 100 கிலோ சிலிக்கா 186 கிலோ இரும்பைக் கவர்ந்து 339 கிலோ கிட்டமாகும். எஞ்சும் உலோகம் 465 கிலோ. சிலிக்கா 20 விழுக்காடானால், இரும்பு 579 கிலோ, கவரப்படுவது 372 கிலோ, கிட்டம் 678 கிலோ, எஞ்சுவது வெறும் 207 கிலோ. சிலிக்கா 28 விழுக்காட்டை எட்டினால் எஞ்சுவது சுழியம்: இரும்பு முழுவதும் கிட்டமாகிவிடும், உலைக்காரன் காடழித்துக் கரி சுட்டதெல்லாம் கற்குவியலாய் முடியும். வேதியியற் பகுப்பாய்வில் அந்தத் தாதுவிலும் இரும்பு ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் என்று தெரியும் என்பதை நினைவில் வைத்தால் இந்த எண்ணின் கூர்மை விளங்கும். இரும்பு நிறைந்த தாது. இரும்பு தராத தாது.

இப்போது குவியலுக்குத் திரும்பலாம். முதல் தாதுவானால் ஒரு தொன் கிட்டம் 1.37 தொன் இரும்புக்குச் சாட்சி. இரண்டாவதானால் 0.31 தொன்னுக்கு மட்டும். அதே 1000 தொன் கிட்டம் 1370 தொன் உலோகத்தையும் குறிக்கலாம், 305 தொன்னையும் குறிக்கலாம். தளம் 600 ஆண்டுகள் இயங்கியது என்று வைத்துப் பரப்பினால் ஆண்டுக்கு 2.3 தொன் அல்லது அரைத் தொன். மண்வெட்டி ஒன்றுக்கு 2 கிலோ இரும்பு என்று கொண்டு, கொல்லுலையில் உதிரும் செதிலை மறந்துவிட்டுச் சொன்னால், ஆண்டுக்கு ஏறத்தாழ 1140 மண்வெட்டி அல்லது 250 மண்வெட்டி. முன்னது ஒரு வட்டாரத்துக்கே கருவி வழங்கும் தொழில். பின்னது சில குளங்களைச் சுற்றியுள்ள ஊர்களின் தேவை. குவியலின் அடர்த்தியில் நேரும் இரண்டு மூன்று மடங்குப் பிழையைக் குழிவெட்டி நிறுத்துக் குறைத்துவிடலாம். இந்த நாலரை மடங்கு வேறுபாட்டைக் கிட்டத்தை நிறுக்கும் எந்தத் தராசாலும் குறைக்க முடியாது. ஏனெனில் இரண்டு சந்தர்ப்பங்களிலும் கிட்டம் ஒரே பயலைற்றுத்தான், ஒரே அடர்த்திதான். பெரிய குவியல் பெருந்தொழிலுக்கு அடையாளம் என்ற வழக்கமான வாசிப்பின் ஓட்டை இங்கே தெரிகிறது. பெரிய குவியல் மோசமான தாதுவுக்கும் அடையாளமாக இருக்கலாம். தேர்ந்த தாதுவும் தேர்ந்த கையும் உள்ள இடத்தில்தான் குவியல் சிறிதாகும்.

6. மறுப்புகள்

முதல் மறுப்பு நேரடியானது: மெய்யான கிட்டம் தூய பயலைற்று அல்லவே. அல்லதான். சிலிக்காவோடு சேராத இரும்பொட்சைட்டு தனிக்கனிமமாகவும் கிட்டத்தில் உறையும். அப்போது இழப்பு நாம் கணித்ததைவிடக் கூடும். மறுபக்கம், கரிச்சாம்பலில் சுண்ணாம்பு உண்டு. கல்சிய அணு சிலிக்கேற்றில் இரும்பணுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று விடுதலை. கல்சியமொட்சைட்டின் மூலர்த்திணிவும் இரும்பின் மூலர்த்திணிவும் தற்செயலாக ஏறக்குறைய 56 கிராம் என்பதால், ஒரு கிலோ சுண்ணாம்பு ஏறத்தாழ ஒரு கிலோ இரும்பை மீட்டுத்தரும் வாய்ப்புண்டு. உலைச்சுவரின் களிமண்ணும் கரைந்து தன் பங்குச் சிலிக்காவைச் சேர்க்கும். இவையெல்லாம் எளிய கணக்கைக் குலைக்கின்றன. எண்ணும் முறையைக் குலைக்கவில்லை. ஒவ்வொரு திருத்தமும் இன்ன அணு இன்ன அணுவின் இடத்தில் என்றே சொல்லப்படுகிறது. சிலிக்காவை நம்ப முடியாவிட்டால், உலோகத்துக்குள் அநேகமாகப் போகாமல் கிட்டத்திலேயே தங்கும் தைற்றேனியம் போன்ற தனிமத்தைச் சாட்சியாக்கலாம். தாதுவில் அதன் ஒட்சைட்டு 1 விழுக்காடும் கிட்டத்தில் 2.5 விழுக்காடும் இருந்தால், ஒரு தொன் தாது 0.4 தொன் கிட்டமாகச் சுருங்கியது என்று பொருள். உள்ளே போன தைற்றேனிய அணு எங்கும் மறைந்துவிடாது என்ற ஒரே நம்பிக்கை போதும். இந்த விகிதத்துக்குக் குவியலின் கனவளவும் வேண்டாம், அடர்த்தியும் வேண்டாம்.

இரண்டாவது மறுப்பு: இதையெல்லாம் கிலோகிராமிலேயே செய்துவிடலாமே, 10²⁵ என்று வாயில் நுழையாத எண் எதற்கு? மூலர்த்திணிவால் வகுப்பதும் பெருக்குவதும் ஒரு மாறிலியின் இடமாற்றந்தானே? எண்கணித அளவில் இது சரி. அவகாதரோ மாறிலி மேற்கண்ட கணக்குகளில் ஒன்றிலும் இறுதி விடையை மாற்றவில்லை. எண்களில் வெட்டுண்டு போகிறது. ஆனால் 1.86 என்ற விகிதம் எங்கிருந்து வந்தது? தராசை எத்தனை முறை பார்த்தாலும் அது அனுபவ எண்ணாகவே நிற்கும். உலைக்கு உலை மாறுகிறதா என்ற ஐயமும் நிற்கும். இரண்டுக்கு ஒன்று என்ற முழு எண் விகிதமே அதற்கு அடிப்படை என்று தெரிந்தபின், அலகொலவெவயிலும் சுவீடனிலும் அது மாறாது என்று உறுதியாகச் சொல்லலாம். மாறக்கூடியது தாதுவும் சாம்பலும் சுவரும். எது மாறும் எது மாறாது என்று பிரித்துக் காட்டுவதே எண்ணுதலின் பயன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அணுக்களின் எண்ணிக்கையை நான்கு தசமத் தானத்துக்கு எழுதுவதால் வரும் துல்லியத் தோற்றம் ஏமாற்று. மாறிலி வரையறையால் முழுத் துல்லியமானது, குவியல் ஒரு தானத்துக்கும் தெரியாது. பெருக்கிவந்த விடை குவியலின் தரத்திலேயே இருக்கும்.

மூன்றாவது மறுப்பு வரலாற்றாசிரியருடையது. அணுவை அறியாதவர்கள் நடத்திய தொழிலை அணுக்கணக்கால் அளப்பது காலமுரண் அல்லவா? இலங்கையின் இரும்புத் தொழிலைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கைத்திறனிலிருந்தே தொடங்கினார்கள். ஆனந்த குமாரசாமி 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூலில் பலாங்கொடைப் பக்கத்து இரும்பெடுப்பு பதிவாகியுள்ளது. இலங்கைக் கனிமவியல் ஆய்வுத் துறையின் முதல் இயக்குநராக இருந்தவர் அவர். ஆயினும் அந்நூலில் அவருடைய கண் கலைஞன்மேல்தான். சமனலவெவவில் பருவக்காற்றையே துருத்தியாக்கிய உலைகளைக் கண்டறிந்த கில் ஜூலெஃப், தாமே உலை கட்டி எரித்துப் பார்த்து 1996இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அங்கும் காற்றும் கையும்தான் முன்னிலையில். இந்த மரபை மதிக்கலாம், அதோடு நிற்க வேண்டியதில்லை. உலைக்காரருக்கு அணு தெரியாது என்பதால் அணு அவருக்கு விலக்களித்துவிடவில்லை. 28 விழுக்காடு என்ற எல்லை அவர் உலையிலும் இருந்தது. அந்த எல்லையை அவர் எந்த அறிகுறியால் கண்டுகொண்டார் என்பதுதான் வரலாற்றுக் கேள்வியாக வேண்டும்.

7. தாதுக்கட்டியின் கனம்

இவ்விடத்தில், இதுவரை குற்றம் சாட்டப்பட்டு வந்த அடர்த்தி வேறொரு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. மக்னற்றைற்றின் அடர்த்தி ஏறத்தாழ 5.2, படிகக்கல்லின் அடர்த்தி 2.65. இறுகிய தாதுக்கட்டியில் துளை குறைவு, கலந்தவை பெரும்பாலும் இவ்விரண்டே. பாளத்தில் இல்லாத நிபந்தனைகள் இங்கே ஓரளவு நிறைவேறுகின்றன. கணக்குப் பார்த்தால், சிலிக்கா 10 விழுக்காடான கட்டியின் அடர்த்தி 4.74, 20 விழுக்காட்டில் 4.36; இரும்பே தராத 28 விழுக்காட்டில் 4.10. ஒன்றுமே கலவாத 5.2இலிருந்து ஒன்றுமே விளையாத 4.1 வரை, உலையின் ஆதாய நட்டம் முழுவதும் இந்தச் சிறு இடைவெளிக்குள் ஓடுகிறது. கைக்கடங்கிய 300 கன சென்ரிமீற்றர்க் கட்டியை எடுத்துக்கொண்டால் உச்சிக்கும் எல்லைக்கும் இடையில் 330 கிராம் வேறுபாடு. தேர்ந்த கை எளிதில் உணரும். 10 விழுக்காட்டுக் கட்டிக்கும் 20 விழுக்காட்டுக் கட்டிக்கும் இடையில் 115 கிராம். கட்டிகளின் பருமன் ஒத்திருந்தால்தான் அது கைக்குப் பிடிபடும். தாதுவை ஒரே அளவாக உடைப்பது உலையில் காற்று சீராகப் போவதற்காக மட்டும் என்று கருதத் தேவையில்லை. ஒத்த பருமனில் கனத்தைத் தூக்கிப் பார்த்துக் கழிக்கவும் அது உதவும். நீரில் அலசிப் பிரிப்பதும் இதே அடர்த்தி வேறுபாட்டின் வேலை.

ஆகவே தளத்தில் தராசு போக வேண்டிய இடம் கிட்டக் குவியல் மட்டுமன்று. சிதறிக் கிடக்கும் தாதுத் துண்டுகளும்தான். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாக அங்கேயே கிடக்கும் தாதுக்கட்டி, பயன்படுத்தப்படாத தாதுக்கட்டி. உலைக்காரர் தூக்கிப் பார்த்து, கனம் போதாதென்று எறிந்ததாக அது இருக்கலாம். அதைப் பகுத்தாய்ந்து கிடைக்கும் சிலிக்கா விகிதத்தை உலைக்குள் போன தாதுவின் விகிதமாகக் கொண்டால், கழித்ததை வைத்துக் கொண்டதைக் கணித்தவர்களாவோம். விளைச்சல் உள்ளதைவிடக் குறைவாக வரும். உலைவாயருகே சிந்திய, சூடுபட்ட தாதுப் பொடியும் கிட்டத்துக்குள் அரைகுறையாய்ச் சிக்கிய தாதுத் துணுக்குகளும் உள்ளே போனதற்கு நம்பகமான சாட்சிகள். உடைகளத்தில் கிடக்கும் பெரிய கட்டிகள் எறியப்பட்டதற்குச் சாட்சிகள். பொடியில் தைற்றேனியத்தையும் சிலிக்கனையும் எண்ணி, கட்டிகளை ஒவ்வொன்றாக நீரில் நிறுத்து, இரண்டு தொகுதிகளின் அடர்த்தியையும் அருகருகே வைத்தால், 4.1க்கும் 5.2க்கும் இடையில் எங்கோ ஒரு கோடு விழும். அந்தக் கோடு 4.4இல் விழுந்தால் 1000 தொன் கிட்டம் ஒரு கதை சொல்லும், 4.7இல் விழுந்தால் வேறொன்று.